இருப்புக் கணக்கு

வந்தவை பன்னிரண்டு சக்கர நாற்காலிகள்.
மழைக்கு முந்தின இரவு லாரியில் வந்தன.
கழனிவாசலில் வயிரவனின் சிமெண்ட் குடோன்
இடம் கொடுத்தது.
விழாவுக்கு முன் உறை பிரிக்கக் கூடாதென்று தீர்மானம்.
முன்மொழிந்தவர் சோலையப்பன்,
வழிமொழிந்தவன் நான்.
மருந்துக்கடைக்காரன், சங்கத்தின் பொருளாளர்,
எண்ணி வைப்பது என் வேலை.

மாவட்ட ஆளுநர் வந்து படம் எடுத்த பிறகுதான்
யாரும் அதில் உட்காரலாம்.
ஐப்பசியில் அவருக்குப் பினாங்கு.
கார்த்திகையில் மகள் வளைகாப்பு.
மார்கழியில் நல்ல காரியம் வேண்டாமென்றார்கள்.
"கால் இல்லாதவன் உட்கார்றது நல்ல காரியமா?"
என்று ஜமால் கேட்டதை
நான் குறிப்பேட்டில் ஏற்றவில்லை.

மாதத்தின் இரண்டாம் வியாழன் கூடுவோம்,
லாட்ஜ் மாடியில்.
ஏழரைக்குப் பிறகு வந்தால் பத்து ரூபாய் அபராதம்,
பச்சை உண்டியலில்.
கால் மணி நேரம் சேவை,
ஒன்றரை மணி நேரம் வெள்ளைப் பணியாரம்
என்பாள் என் மனைவி.
பொய்யில்லை.
ஆனாலும் பிரசவ வார்டிலிருந்து
ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் வந்தால்
கைலியோடு ஓடி வந்து
ரத்தம் கொடுக்கிறவனும்
அந்தப் பணியாரத்துக்குச் சண்டை போடுகிறவன்தான்.

மார்கழி பத்தோ பதினொன்றோ.
ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன்.
குனிந்து உள்ளே பார்த்தாள் ஒருத்தி.
அடைக்கி என்றாள், செஞ்சைப் பக்கம்.
புருஷன் சாரத்திலிருந்து விழுந்தவன்,
காலையில் மதுரையிலிருந்து கொண்டுவருகிறார்களாம்.
"குடோன்ல கெடக்குற நாக்காலியில ஒண்ணு
வாடகைக்குத் தருவீகளா?
நாளைக்கு இருவது ரூவா தாரேன்."

உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன்.
"எறக்குனதே நாங்கதானே.
தலச்சுமையா நாலு நான் எறக்குனேன்."

என் கையில் நோட்டை வைத்துவிட்டாள்.
முதல் நாள் வாடகை.

ஜமாலைக் கூப்பிட்டேன், அவன் வயிரவனைக் கூப்பிட்டான்.
பதினோரு மணிக்கு குடோனில்
மருந்துக்கடைக் கத்தரியால் உறையைக் கிழித்தோம்.
கால்பலகைக்குத் திருகாணி இல்லை.
ஜமால் தன் சைக்கிள் கடையைத் திறந்து
ஒரு கைப்பிடி அள்ளி வந்தான்.
வாசலில் கார் வெளிச்சம்.
சோலையப்பன்.
யார் சொன்னார்களோ.
தீர்மான எண்ணைச் சொல்லப்போகிறார் என்று
மூவரும் நிமிர்ந்தோம்.
அவர் செல்போன் விளக்கைத் திருகாணிப் பக்கம் பிடித்துக்கொண்டு
"இடது பிரேக் இறுக்கமா இருக்கு, பாரு" என்றார்.

விடியுமுன் ஜமாலின் தம்பி ஆட்டோவில் போனது.

தை பிறந்தது, ஆளுநர் வந்தார்.
பேனரில் பன்னிரண்டு,
பந்தலில் பதினொன்று.
ஒரு மணி நேரத்துக்கு அதைக் கொண்டுவரச் சொல்லலாமென்று
என்னை அனுப்பினார்கள்.
அடைக்கி வீட்டில் பூட்டு.
செம்புலியைப் பஸ் ஸ்டாண்டு எதிரில்
சைக்கிள் நிறுத்தத்தில் பார்த்தேன்,
நாற்காலியின் கைப்பிடியில் டோக்கன் கட்டுகள்,
மடியில் சில்லறைப் பை,
சக்கரமெல்லாம் செம்மண்.
"இப்ப எப்படி வர்றது?
அஞ்சு மணி பஸ்ஸுக்குக் கூட்டம் வருமே."

திரும்பி வந்து மேடையோரம் நின்றேன்.
ஆளுநர் எண்ணத் தெரிந்தவர்.
"இன்னொன்று எங்கே?"
தலைவர் என்னைப் பார்த்தார்,
நான் சோலையப்பனைப் பார்த்தேன்.
ஜமால்தான் சொன்னான்:
"அது வேலைக்குப் போயிருக்குங்க."

இரவு கணக்கு எழுதினேன்.
வரவு பன்னிரண்டு, வழங்கியது பன்னிரண்டு,
இருப்பு இல்லை.
சட்டைப்பையில் நாலாய் மடித்த இருபது ரூபாய்.
நன்கொடை என்றால் ரசீது போட வேண்டும்,
வாடகைக்குப் பத்தியே கிடையாது.
பச்சை உண்டியலில் போட்டுவிட்டு
இப்படி எழுதினேன்:
தாமதமாக வந்ததற்கு அபராதம், ரூ. 20.
பெயர் எழுதும் இடத்தை
விட்டுவைத்திருக்கிறேன்.